அட்டைக்கு வெளியே நின்று பேசுங்கள்

வீடற்றோர் நலப்பணிக்குத் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தெருவில் உறங்குவோரைத் தேடிச் செல்லும் இரவுச் சுற்றுக்குப் புதிதாக வருபவர்களோடு நடந்து பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் ஒருநாள் வகுப்பில் பெரும்பகுதி, எதை எடுத்துச் செல்வது, எப்படிப் பகிர்ந்தளிப்பது, எந்தப் படிவத்தில் எதைக் குறிப்பது என்பதிலேயே கழிகிறது. தெருவில் படுத்திருக்கும் ஒருவரை எப்படி அணுகுவது என்பதற்குக் கடைசிப் பத்து நிமிடங்கள் மிஞ்சினால் அதிகம்.

ஓர் இரவு, புதியவர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தவரின் தோளைத் தொட்டு எழுப்பினார். திடுக்கிட்டு விழித்தவர் கையை ஓங்கினார். 'முரடர், கவனம் தேவை' என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. அதன்பின் வந்த இரு குழுக்கள் அவரைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுக் கடந்து போயின. உதைத்தும் திருடியும் பலர் எழுப்பிய உடம்பு அது என்பதை அந்தப் புதியவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கால்மாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் குந்தி, முதலில் தன் பெயரைச் சொல்லி மெல்லக் குரல் கொடுக்க வேண்டும். விரித்திருக்கும் அட்டைதான் அவருடைய வீட்டுத் தரை. அதில் செருப்புக் காலை வைப்பது, கேளாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, தரையில் அமர்ந்து நடித்துப் பழக வேண்டும்.

மருத்துவ அறிவிலும் இதே குறை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியவரும் தலையில் அடிபட்டவரும் குழறிப் பேசித் தள்ளாடுவார்கள். குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிட்டு நகர்ந்தால் உயிரே போகலாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரிடம் இன்றே அடியோடு நிறுத்துங்கள் என்று அறிவுரை சொல்வதும் ஆபத்தானது, ஏனெனில் மருத்துவக் கண்காணிப்பின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். கடுங்குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் நீங்காமலே நடுக்கத்தை நிறுத்தினால், அது தேறிவிட்டதன் அடையாளம் அல்ல. உடனே அவசர உதவியை அழைக்க வேண்டிய கட்டம். நோய் கண்டறிவது தன்னார்வலரின் வேலையன்று, ஐயம் வந்தால் யாரை அழைப்பது என்பது மட்டும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கான உளவியல் முதலுதவி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்று மூன்று செயல்களைச் சொல்கிறது. நம் வகுப்புகள் நடுவிலுள்ளதைத் தாண்டிக் குதித்து, காப்பகத்தில் சேர்த்துவிடத் துடிக்கின்றன. ஒருவர் காப்பகம் வேண்டாம் என்கிறார் என்றால் அங்கே பொருள் திருட்டுப் போயிருக்கலாம், துணையைப் பிரித்திருக்கலாம், நாயை உள்ளே விடாமல் இருந்திருக்கலாம். காரணத்தைக் கேட்கும் பொறுமையும், 'வேண்டாம்' என்பதை ஒரு விடையாக ஏற்கும் பக்குவமும் பயிற்சியில்தான் வர வேண்டும். அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது என்பதை விளக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் என்னைவிட நன்றாகக் கற்பிக்கக்கூடியவர்கள், தெருவில் வாழ்ந்து மீண்டவர்கள். அவர்களை மேடையேற்றிக் கண்ணீர்க்கதை சொல்லவைத்து அனுப்பாமல், பாடத்திட்டத்தை வகுக்கும் இடத்திலேயே அமர்த்தி, மற்றப் பயிற்றுநர்களுக்குத் தரும் அதே ஊதியத்தை அவர்களுக்கும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். புதியவர்களை முதல் மூன்று மாதங்களுக்குத் தனியே அனுப்பாதீர்கள். சுற்று முடிந்ததும் கால்மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து, அன்று மனத்தை உறுத்தியது என்ன என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
இரவுச் சுற்றுத் தன்னார்வலர் ஒருவர்