யெஷிவா பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க்கில் கடும் மரபு காக்கும் ஹசிடிக் பிரிவு யூதர்கள் நடத்தும் யெஷிவா எனும் மதப் பள்ளிகளில், ஆண்கள் பள்ளிகளுக்கு நான்கே ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கு மேல் அரசுப் பணம் போனதை 2022இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. புரூக்ளினில் ஒரே பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் 2019இல் மாநிலத் தேர்வு எழுதினார்கள்; ஒருவர்கூடத் தேறவில்லை. நாள் முழுக்க இத்திஷ் மொழியில் தோரா, தால்முத் என்ற யூத மத நூல்கள்தான். ஆங்கிலமும் கணக்கும் பல பள்ளிகளில் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் 8 முதல் 12 வயதுவரைதான். மதக் கல்வி பெற்றோரின் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தைக்கூடப் படிக்க முடியாமல் ஓர் இளைஞன் நிற்கலாமா? அரசுப் பள்ளிக்கு நிகரான கல்வி தரச் சட்டமே இருக்கிறது. அதை 2025 பட்ஜெட்டில் மாநில அரசு தளர்த்தி, பள்ளிகள் அதற்கு இணங்கும் அவகாசத்தையும் நீட்டித்தது பெரும் அநியாயம். பணத்தை நிறுத்துவதாகச் சொன்னால்தான் பாடம் நடக்கும்.

– வாசகர், கோவை