பெரிய கணினி மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வானிலைக் கணிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கணினி பெரிதாகப் பெரிதாகக் கணிப்பும் தானாகத் துல்லியமாகிவிடும் என்கிற தொனியை ஏற்க முடியவில்லை.

நொடிக்கு நொடி மாறும் காற்றோட்டத்தைக் கணக்கிட, இடத்தைக் கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு அடிகளாகவும் பிரிக்கிறோம். அந்த அடியை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. ஒரு அடிக்குள் காற்றில் பரவும் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், எளிய முறைகளில் எண்கள் கட்டுக்கடங்காமல் எகிறிவிடும். கூரான்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் 1928-லேயே காட்டியது இது. அலையின் வேகம் நொடிக்கு 300 மீட்டர், கட்டம் 10 கிலோமீட்டர் என்றால் அடி சுமார் 33 நொடிக்குள் இருக்க வேண்டும். கட்டத்தை 5 கிலோமீட்டராக்கினால், உயர அடுக்குகளைத் தொடாமலே கட்டங்கள் நான்கு மடங்கு, அடியோ பாதி, ஆக வேலை எட்டு மடங்கு! அடுத்த அடியின் மதிப்புகளையும் சேர்த்து ஒரே மூச்சில் தீர்க்கும் முறைகளில் அடியை நீட்டலாம்தான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உழைப்பு கூடும், வேகமான அலைகளின் நடையும் பிசகும்.

அப்புறம், தொடக்கத் தரவு. 1910 மே 20-க்கான ஐரோப்பிய வானிலையை ஆங்கிலேய விஞ்ஞானி ரிச்சர்ட்சன் கையாலேயே கணக்கிட்டு 1922-இல் வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. உண்மையில் அது அசையவே இல்லை என்றே சொல்லலாம். முக்கியக் காரணம், தொடக்கத்தில் கொடுத்த காற்று, அழுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான்.

அடுத்த முறை சூப்பர் கம்ப்யூட்டரின் வேகத்தைப் போடும்போது, கட்டம் எத்தனை கிலோமீட்டர், அடி எத்தனை நொடி என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

ஒரு வாசகர், திருச்சி