நோட்டு எழுதித் தந்த சிஸ்டருக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா நேற்று யாரையும் பிடித்துக்கொள்ளாமல் வாசல்வரை நடந்தார். அதைப் பார்த்த கையோடு எழுதுகிறேன். அவர் ஐ.சி.யூ.வில், அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவில், கிடந்தபோது நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், நடுராத்திரியில் வண்டி எடுத்து வந்தவர்கள், கேட்காமலே பணம் அனுப்பிவிட்டு "அப்புறம் பாத்துக்கலாம்" என்றவர்கள், பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பள்ளிக்கு அனுப்பிய அக்கா, டாக்டர்கள், வார்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தவர்கள், எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இரவு டூட்டி சிஸ்டரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பா வென்டிலேட்டரில் நினைவில்லாமல் கிடந்தபோது, டூட்டி முடிந்து கிளம்பும் முன் கோடு போட்ட நோட்டில் அவருக்கென்று நாலு வரி எழுதி வைப்பார். "ஐயா, ராத்திரி ட்யூபைப் பிடுங்கப் பாத்தீங்க. அதனால கையைத் துணியால கட்டி வெச்சோம். கோவிச்சுக்காதீங்க. விடியறப்ப அவிழ்த்துட்டோம். பொண்ணு வந்து பேசினாங்க, உங்க கண்ணிமை அசைஞ்சுது."

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா தூங்கவில்லை. யாரோ தன்னைக் கட்டிப்போட்டுக் கடத்திப் போனதாகவே நம்பினார். ஐ.சி.யூ.வில் இருப்பவர்களுக்குச் சித்தக் குழப்பம் வருவது சகஜம், நிஜம் மறந்து பயங்கரம் மட்டும் நினைவில் தங்கிவிடும் என்று டாக்டர் விளக்கினார். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. ஒருநாள் நோட்டை எடுத்து வாசித்தேன். "கட்டி வெச்சோம்" என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "அப்ப அது ஆஸ்பத்திரிதானா?" என்றார். அன்றைக்குத்தான் அசந்து தூங்கினார்.

ஐரோப்பாவில் இப்படி நோட்டு எழுதும் வழக்கம் பல காலமாக உண்டாம். ஆறு நாடுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நோட்டு கிடைத்த நோயாளிகளுக்கு அந்த அதிர்ச்சியின் பாதிப்பு குறைவாக இருந்திருக்கிறது. 2019இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் அவ்வளவு பலன் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தெரிந்தது, எனக்கு அது போதும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிஸ்டர் எங்களுக்கும் எழுதியிருந்தார். "அவர் தேறின பிறகுதான் உங்களுக்குப் படபடப்பு வரும். மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க." அப்படியே ஆனது. அப்பாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க அம்மா ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். "அதான் பொழைச்சுட்டாரே, இன்னும் என்ன?" என்று கேட்டவர்களிடம் எங்களுக்குப் பதில் இல்லை. தீவிர சிகிச்சைக்குப் பின் வரும் இந்தப் பாதிப்புகளுக்கு 2012இல் மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்தபோதே குடும்பத்தாரையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் இப்போது சிகிச்சையில் இருக்கிறார், கொஞ்சம் தூங்குகிறார்.

இனி தெரிந்தவர் யார் ஐ.சி.யூ.வில் இருந்தாலும் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு போவேன். அவர் வீடு திரும்பிய பிறகு, பார்த்துக்கொள்பவர் எப்படி இருக்கிறார் என்றும் போய்க் கேட்பேன்.

சிஸ்டர், பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. அப்பா உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். டூட்டி இல்லாத நாள் எது என்று மட்டும் சொல்லுங்கள், கூட்டி வருகிறேன்.