உட்பக்கம் தாழ்ப்பாள் வைத்த வீடு: ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கத்தில், சிறையிலிருந்து விடுதலையாகி வருவோர் சில மாதங்கள் தங்கிச் செல்வதற்கென்று திருத்தியமைக்கப்பட்ட வீட்டில் ஐந்து மாதங்கள் இருந்துவிட்டு, சென்ற வாரம் ஆரையம்பதியிலுள்ள என் அக்காவின் வளவுக்குத் திரும்பினேன். அந்த வீட்டை உருவாக்கியவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆயினும் அவர்கள் செய்தது இன்னதென்று ஊரும் அறியவேண்டும் என்பதால் இம்மடலை எழுதுகிறேன். அங்கே இப்போதும் ஆட்கள் தங்கியிருப்பதால் வீதியின் பெயரையும் உதவியவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

முதல் நன்றி, வளவைத் தந்த அம்மாவுக்கு. 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் கணவரை இழந்தபின் மகனோடு செங்கலடிக்குப் போய்விட்ட அவர், பூட்டிக் கிடந்த வீட்டை வாடகை கேட்காமல் ஒப்படைத்தார். அயலவர்கள் கோயில் மண்டபத்தில் கூடித் தங்கள் அச்சத்தைச் சொன்னபோது, "இவனுகளும் ஆரோ பெத்த புள்ளைகள்தானே மனே, மறுகா எங்க போறது?" என்று கோயில் தலைவரைப் பார்த்து அவர் கேட்டார். அஞ்சியவர்கள் மீது எனக்கு மனக்குறை இல்லை. பெண்பிள்ளைகள் உள்ள வீட்டார் கேட்கவேண்டிய கேள்விகளைத்தான் கேட்டார்கள். பதில் கிடைக்கும்வரை பொறுத்திருந்தார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

வரைபடம் வரைந்த தங்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவர் முதற்கோடு இழுக்குமுன், விடுதலையாகி வந்த எங்கள் நால்வரையும் இருத்தி, உள்ளே எந்த நேரம் மிகக் கடினமாயிருந்தது, வெளியே வந்த முதல் இரவு எங்கே படுத்தீர்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பஸ் நிலையத்தில் படுத்ததையும், விடியும்வரை அணையாத மின்விளக்கின் கீழ் எட்டு வருடம் கிடந்து பழகியதால் இருட்டிலும் வெளிச்சத்திலும் தூக்கம் பிடிக்காமல் தவித்ததையும் நான் சொன்னேன். அதனால்தான் ஒவ்வோர் அறையிலும் கட்டிலின் தலைமாட்டில், படுத்தபடியே கை எட்டும் இடத்தில் சுவிச் இருக்கிறது. முதல் வாரம் அதை எத்தனை தடவை போட்டு அணைத்தேன் என்பது எனக்கே தெரியாது.

அறைகள் ஒரே வரிசையில் நடைபாதையைப் பார்த்திருந்தால் சிறைக்கூடத்தின் சாயல் வந்துவிடும் என்று, கதவுகளை வேம்பு நிற்கும் முற்றத்தின் பக்கம் திருப்பினார். கதவுகளில் வெளிக்கொக்கி கிடையாது. உட்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள். முன்புறம் உயரமாக மதில் எழுப்பலாம் என்று சிலர் சொன்னபோது, மதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ என்று அயலும் சந்தேகப்படும், உள்ளே இருப்பவனும் இன்னும் அடைபட்டிருப்பதாகவே நினைப்பான் என்று சொல்லி, இடுப்பளவு கதியால் வேலியும் மரப் படலையும் போதும் என்றார். இரண்டாம் மாதத்தில் பக்கத்து வீட்டு ஐயா அந்த வேலிக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டினார்.

விறாந்தையின் கிழக்கு மூலைக்குத் தனிப் படிக்கட்டு வைத்ததும் அவருடைய யோசனைதான். பார்க்க வரும் உறவினர் வீட்டுக்குள் நுழையாமலே அங்கு வந்து இருந்து பேசலாம். மனம் ஒப்பாவிட்டால் எவரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். என் மகள் முதல் இரண்டு தடவையும் அந்தப் படியிலேயே இருந்துவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை குசினிக்குள் வந்து எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். உள்ளே வந்துதான் ஆகவேண்டும் என்ற நெருக்குதல் இருந்திருந்தால் அவள் முதல் நாளே வந்திருக்கமாட்டாள் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் எங்களுக்குக் கடதாசி வேலைகளில் துணை நின்றார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பர் 17 அன்று ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்தும் முறை பற்றிய நெல்சன் மண்டேலா விதிகளில் 108ஆவது விதியை அவர் எங்களுக்கு வாசித்து விளக்கினார். விடுதலையாகிறவருக்கு அடையாளப் பத்திரங்களும், தங்குமிடமும், வேலையும், காலநிலைக்கேற்ற உடையும், ஊர் போய்ச் சேர்வதற்கான வழிவகையும் இயன்றவரை கிடைக்கச் செய்யவேண்டும் என்று அவ்விதி சொல்கிறது. அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அதற்கு முகவரி வேண்டும். முகவரியில்லாமல் நான் ஏறி இறங்கிய அலுவலகங்கள் பல. கல்லடி வீட்டின் முகவரியை எழுதிக்கொடுத்த பின்புதான் என் விண்ணப்பம் பிரதேச செயலகத்தைத் தாண்டி ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போனது.

காத்தான்குடித் தச்சுப் பட்டறை காக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடனைத் தீர்க்க இயலாது. சிறையில் கற்ற தொழில் எனக்கு உண்மையில் வருமா என்று பார்க்க, இந்த வீட்டின் கதவுகளையும் யன்னல்களையும் என்னிடமே ஒப்படைத்து, நான் பழுதாக்கிய பலகைகளின் காசைக் கூலியில் கழிக்காமல் விட்டவர் அவர். இன்று அவரிடமே நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். எனக்குப் பின் அதே அறைக்கு வந்திருக்கும் தம்பியிடம் திறப்பைக் கொடுத்தபோது, வடக்கு யன்னல் மழைக்கு ஊதி இறுகுவதைக் காட்டினேன். மாரி முடிந்ததும் வந்து அதை இழைத்துத் தருவேன்.

நன்றியுடன்,
அவ்வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தவன்
ஆரையம்பதி