அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?

அன்புள்ள விஜி,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி சத்தமே இல்லை.

மகளைச் சென்னையில் ஹாஸ்டலில் விடத் தயங்குவதாக எழுதியிருந்தாய். 2024 டிசம்பரில் அங்கே அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான விஷயத்தைச் சொல்லி, "ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை?" என்றும் கேட்டிருந்தாய். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, விஜி.

அது அவள் படிக்கிற இடம். நண்பனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அங்கே வேலை இல்லாதவன் அவளிடம் அப்படி நடந்துகொண்டவன்தான். மாணவனும் இல்லை, ஊழியனும் இல்லை. வெளியே பிரியாணிக் கடை போட்டிருந்தவன். ஏற்கெனவே வழக்குகள் வேறு. அவனை உள்ளே விட்டது யார் என்றுதானே முதலில் கேட்க வேண்டும்?

இன்னொன்று. வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு அவளை மிரட்டினான். எந்த தைரியத்தில்? விஷயம் வெளியே வந்தால் ஊர் அவளைத்தான் கேள்வி கேட்கும் என்கிற தைரியத்தில்தான். நீயும் நானும் திண்ணையில் பேசுகிற பேச்சுதான் அவனுக்கு ஆயுதம். அதையும் மீறி அந்தப் பெண் மறுநாளே போலீஸுக்குப் போனாள் பார், நம் வயதில் நமக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்குமா?

போன பிறகும் விட்டார்களா? அவள் பெயர், விலாசத்தோடு எஃப்.ஐ.ஆர். ஊரெல்லாம் சுற்றியது. அதை எழுதியிருந்த விதமே அவளைக் குற்றம் சொல்வதுபோல இருக்கிறது என்று 2024 டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. எஃப்.ஐ.ஆர். வெளியானதற்காக அரசு அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும், வழக்கைப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2025 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 30 வருஷம் உள்ளே.

நீதிமன்றங்களும் எப்போதும் இப்படிப் பேசியதில்லை. மகாராஷ்டிராவில் காவல் நிலையத்துக்குள்ளேயே பலாத்காரம் செய்யப்பட்ட மதுரா என்கிற ஆதிவாசிச் சிறுமியின் வழக்கில், உடம்பில் காயம் இல்லை என்பதையெல்லாம் காரணமாகச் சொல்லி, 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நானும் பெண் பிள்ளையைப் பெற்றவள். ஆனால் அதற்காக அவள் படிப்பை நிறுத்தாதே. சேர்க்கப் போகும்போது ஹாஸ்டல் வாசலில் இரவுக் காவல் உண்டா, விளக்கு எரிகிறதா, புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று நேரில் விசாரி. அப்புறம், எது நடந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லலாம், நீ திட்ட மாட்டாய் என்பதை அவளிடம் வாய்விட்டுச் சொல்.

அட்மிஷன் தேதி தெரிந்ததும் எழுது. முடிந்தால் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
செல்வி