குறைக்க அல்ல, ஏற்ற!

ஆசிரியருக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ‘பி.பி. மருந்து ஓடுகிறது’ என்று சொன்னால், அழுத்தத்தைக் குறைக்கத்தான் என்று உறவினர்கள் நினைத்துவிடுகிறார்கள். விஷயம் நேர் எதிர். கிருமித்தொற்று முற்றி, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும் அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போனவருக்கு ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடும். சலைன் ஏற்றியும் அழுத்தம் எழாது. அப்போது முதலில் கை கொடுப்பது நார்அட்ரினலின் என்ற மருந்து. குழாய்களை இறுக்கி, சராசரி ரத்த அழுத்தம் 65 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும்.

உடம்பில் இது சில நிமிடங்கள்தான் தாங்கும். அதனால் மருந்தைச் சீராகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் கருவியில் விடாமல் ஓட வேண்டும். ஒன்று தீருமுன் அடுத்த சிரிஞ்ச் தயார். மாற்றும் அந்த அரை நிமிடம் எங்கள் கண் மானிட்டரை விட்டு அகலாது. ஊசி விலகி மருந்து சதைக்குள் கசிந்தால் அந்த இடம் வெளுத்து, அழுகிக்கூடப் போகலாம். கை எரிகிறது என்று நோயாளி முனகினால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், ‘எப்போது நிறுத்துவீர்கள்?’ என்ற கேள்வி. தொற்றைத் தீர்ப்பது ஆன்டிபயாடிக்தான். அது வேலை செய்யும்வரை தாங்கிப் பிடிப்பது இது. சட்டென்று நிறுத்த முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்போம்.

— ஒரு செவிலியர்