பாறைக்குழிக் காடு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்புக்கு வடக்கே கிடந்த பாறைக்குழியைச் சுற்றிக் காடு வளர்க்கும் வேலை இந்த மாதத்தோடு நிறைவடைகிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து சங்க அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ரசீதுகளையும் வந்து பார்க்கலாம். ஆகவே இங்கே பணத்தைப் பற்றிக் குறைவாகவும், இந்தக் காட்டை நம் மக்கள் எதற்காக மதிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவும் எழுதுகிறோம். இனிமேல் செய்யும் செலவை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேலை தொடங்கும் முன் வீடு வீடாகக் கேட்டபோது நிழல், பறவை என்று யாரும் பேச்சை ஆரம்பிக்கவில்லை. "குப்பை லாரி வராம இருந்தாச் சரிங்க" என்பதே முதல் பேச்சு. திருப்பூரைச் சுற்றிக் கல் எடுத்து முடித்த குழிகள் என்ன ஆகின்றன என்பது நாம் கண்ணால் பார்ப்பதுதான். நகரத்துக் குப்பை அங்கே வந்து விழுகிறது. அப்புறம் ஈயும் நாற்றமும், தீப்பிடித்தால் புகையும். குழித் தண்ணீரில் பிள்ளைகள் இறங்கிவிடுவார்களே என்ற பயம் அதற்கு அடுத்தது. ஆக, பலருக்கும் இந்தக் காடு முதலில் ஒரு காவல். செலவில் பாதிக்கு மேல் கம்பி வேலிக்கும் குழி விளிம்புச் சுவருக்கும் போனது இதனால்தான். மரத்துக்கு வசூலித்த பணத்தைச் சுவரில் போட்டுவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வது குழுவின் காதிலும் விழுகிறது. சுவர் இல்லாவிட்டால் எந்தத் தாயும் பிள்ளையை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டார்.

கல் எடுத்த இடத்தில் மேல்மண் ஏது? சரளையும் கிரஷர் தூளும்தான். ஜேசிபி வைத்துக் குழி எடுத்து, குளத்து வண்டலும் தொழுவுரமும் நிரப்பி நட்டோம். நம்முடையது மழை மறைவுச் சீமை. ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான் பிழைப்பு. அதனால் அழகுக்குப் பூமரம் கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டு அரப்பு, வெள்வேல், வேம்பு, புங்கன், இலுப்பை என்று போனோம். காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில், கொழுக்கட்டைப் புல்லோடு தலைமுறை தலைமுறையாக நிற்கும் மரம் வெள்வேல். வறட்சி அதற்குப் புதிதல்ல. நடைபாதையின் இருபுறமும் கிளுவைப் போத்து ஊன்றியிருக்கிறோம். பெரியவர்கள் இப்போதே அதை இட்டேரி, அதாவது இருபுறமும் உயிர்வேலி உள்ள தடம், என்றுதான் சொல்கிறார்கள். மரம் நட ஆள் சேர்ப்பதும் கஷ்டமாக இல்லை. 2015-ல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற மரம் நடும் இயக்கம் தொடங்கியதிலிருந்து நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

குழுவுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது தென்மேற்கு மூலையைப் பற்றித்தான். அங்கே யாரும் எதையும் நடவில்லை. பாறை வெடிப்பில் பறவை போட்ட விதையில் இச்சியும் அரசும் வந்திருக்கின்றன. சுற்றிலும் ஆவாரையும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடந்தன. பாம்பு அடையும், அழித்துவிடுங்கள் என்றார்கள் பக்கத்து வீதிக்காரர்கள். ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் இப்படித் தானாக முளைத்த பிர்ச் காடுகளை 1990-களிலிருந்து பெரும்பாலும் அப்படியே விட்டு, பாதையை மட்டும் சீராக வைத்திருக்கிறார்கள் என்று இளைய உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சொன்னார். எஸ்ஸன் நகரில் 1986-ல் மூடிய சோல்ஃபெரைன் சுரங்கத்தைச் சுற்றியும் அப்படித்தானாம். அந்தச் சுரங்கம் 2001-ல் உலக பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது. நல்ல யோசனைதான், ஆனால் அங்கே கண்ணாடி விரியன் கிடையாதே! கடைசியில் பாதையோரம் மட்டும் புதரை வெட்டி, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் விட்டோம். பாதையில் நின்றால் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பெண்கள் கேட்டதும் இதில் சேர்ந்து முடிந்தது.

யாரும் எதிர்பார்க்காத கோரிக்கை ஒன்றும் வந்தது. அந்தக் குழியில் கல் உடைத்த பெரியவர்கள் சிலர், கிழக்குப் பாறைமுகத்தில் கொடி ஏற்றிவிட வேண்டாம் என்றார்கள். வெடி வைக்கத் தமர் (துளை) போட்ட கோடுகள் இன்னும் அதில் வரிசையாகத் தெரிகின்றன. அப்படியே விட்டிருக்கிறோம்.

காட்டை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் யார் என்று பார்த்தால், நம் உறுப்பினர்களே அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தம்பிகள்தான் மரத்தடியில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசுகிறார்கள். ஒரே அறையில் நாலைந்து பேர் தங்கியிருப்பவர்களுக்கு இது வீட்டுத் திண்ணை. சந்தா கட்டாதவர்களை விடக்கூடாது, கேட்டைப் பூட்டுங்கள் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நிலம் புறம்போக்கு, நமக்குக் கிடைத்திருப்பது பராமரிக்கும் அனுமதி மட்டும். பூட்ட நமக்கு உரிமை இல்லை, குழுவுக்கு அந்த எண்ணமும் இல்லை.

"ஏனுங்க, எல்லா எடத்துலயும் மரத்த வெச்சுப்போட்டீங்க, பசங்க எங்க பந்து வெளையாடறது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நுழைவாயிலை ஒட்டிய சரளைத் திட்டை அவர்களுக்கு ஒதுக்கலாமா என்று வரும் பொதுக்குழுவில் கேட்கப் போகிறோம்.

மீதமுள்ள தொகை பங்குனி வரைக்கும் தண்ணீர் லாரிக்குப் போதும். சித்திரை, வைகாசிக்கு வீதிவாரியாக முறை போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் அலுவலக நோட்டில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்